ஒடுகத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய: பட்டியலும் பணமும்

ஒடுகத்தூர்க்காரர்களுக்குச் சென்னையும் பெங்களூரும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலூருக்கோ ஆம்பூருக்கோ பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலைப் பிடித்தால் ஒரு திசையில் சென்னையின் ரிச்சி தெரு, மறு திசையில் பெங்களூரின் எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டர் பாகங்களுக்குத் தென்னிந்தியாவில் பேர்போன இரண்டு சந்தைகளுக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஊர். ஆனால் எந்தத் திசையில் போனாலும் ஒருநாள் வேலையும் பஸ் காசும் போகும். வாங்கியது பொருந்தவில்லை என்றால் இன்னொரு நாளும் போகும். அதனால் பட்டியல் வீட்டிலேயே முடிவாகிவிட வேண்டும். கடையில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது.

கவுன்டரில் நின்று, "50,000 ரூபாய்க்கு ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கடைக்காரர் கையில் இருக்கும் சரக்கை வைத்து ஒரு கொட்டேஷன் போடுவார். கேட்பவர் எதைப் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். ‘ஐ5’ என்ற பெயர், ரேம் எத்தனை ஜிபி, கண்ணாடிக் கேபினெட், உள்ளே கலர் விளக்கு. அவற்றுக்குப் பணம் போய்விட்டால், கண்ணில் படாத இடங்களில்தான் குறைக்க வேண்டியிருக்கும். அந்த இடங்கள் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, எஸ்எஸ்டி. ஒரு மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த மூன்றும்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காஸ்டிங் ஷீட் புதிதல்ல. மேல்தோல், லைனிங், சோல், நூல், பசை, கூலி என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கும். ஒரு வரியில் ஏறினால் இன்னொரு வரியில் இறக்க முடியுமா என்று பார்த்துத்தான் ஆர்டரை ஒத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு தாள் போடுங்கள். அந்தத் தாளின் தலையில் எழுத வேண்டியது பணம் அல்ல, வேலை.

என்ன வேலை என்று எழுதும்போது "எல்லாத்துக்கும்" என்று எழுதாதீர்கள். வீட்டிலேயே அப்பர் தையல் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவருக்கு டேலியும் எக்ஸலும் பிரிண்டரும் போதும். பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ படிக்கும் பிள்ளைக்கு புரோகிராமிங், ஆட்டோகேட், ஆன்லைன் வகுப்பு. ஃப்ளெக்ஸ், கல்யாண ஆல்பம் செய்பவருக்கு போட்டோஷாப். அதற்கு 8 ஜிபி ரேம் இருந்தால் திறக்கும், 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். ஷூ பேட்டர்ன் வரைந்து சைஸ் வாரியாக கிரேடிங் செய்பவர் என்றால் கதை வேறு. அந்த மென்பொருளின் விலை மெஷினின் விலையையே தாண்டிவிடும். எந்தக் கிராபிக்ஸ் கார்டு, எந்த விண்டோஸ் என்பதை மென்பொருள் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும்.

அடுத்த வரி பணம். 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5,000 ரூபாயை முதலிலேயே எடுத்து ஓரமாக வையுங்கள். கீபோர்டு, மவுஸ், ஸ்பைக் கார்டு, போக்குவரத்து, கடையில் திடீரென்று ஏறியிருக்கும் ஒரு விலை எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும். மீதி 45,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸருக்கு 11,000, மதர்போர்டுக்கு 6,500, ரேமுக்கு 7,000, எஸ்எஸ்டிக்கு 4,500, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 3,500, கேபினெட்டுக்கு 2,500, மானிட்டருக்கு 7,000, யுபிஎஸ்ஸுக்கு 3,000. இவை கடை விலைகள் அல்ல, இதற்கு மேல் போகக் கூடாது என்று நாமே போட்டுக்கொள்ளும் வரம்புகள். நீங்கள் வாங்கும் வாரத்தில் ஒன்றிரண்டு பொருந்தாமல் போகும். அப்போது எந்த வரியைத் தொடலாம், எந்த வரியைத் தொடக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் தடுமாற்றம் இருக்காது.

தொடக்கூடாதவை எவை? பின்னால் மாற்றுவதென்றால் மெஷினையே பிரிக்க வேண்டியவை. தொடக்கூடியவை, பிறகு தனியாக வாங்கிச் சொருகிக்கொள்ளக்கூடியவை. ரேமை அடுத்த பொங்கலுக்குச் சேர்க்கலாம். இரண்டாவது டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கிராபிக்ஸ் கார்டை வேலை வந்த பிறகு வாங்கலாம். மதர்போர்டை அப்படி மாற்ற முடியாது. எஸ்எம்பிஎஸ் கெட்டால் தான் மட்டும் கெடாது, கூட இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குறைந்த விலைக் கேபினெட்டோடு ஓர் எஸ்எம்பிஎஸ் சேர்ந்தே வரும். பெட்டியில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் லைனிலிருந்து. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான் நிஜமான பலம்; மேலே எழுதிய 450க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைனின் கணக்கு மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா, குறைந்தது மூன்று வருஷ வாரன்டி உண்டா என்றும் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒரு சாதாரண மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். பிறகு எதற்கு 550? பின்னால் கார்டு சேர்ப்பதற்காக. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 தன் பங்குக்கு 115 வாட்டும், 2025இல் வந்த 5060 ஏறக்குறைய 145 வாட்டும் எடுக்கும். இரண்டுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது கம்பெனியின் பரிந்துரை. இன்று ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், இரண்டு வருஷம் கழித்து கார்டு வாங்கும் நாளில் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றும் செலவு இல்லை.

இப்போது பிராசஸர். ‘ஐ5’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இன்டெல் அந்தப் பெயரை 2009இலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறது. 2017இல் வந்த ஐ5-7400ஐவிட, 2022இல் வந்த ஐ3-12100 வேகமானது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. முதல் ஓரிரு இலக்கங்கள் எத்தனையாவது தலைமுறை என்பதைச் சொல்லும். கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப் ரகத்தை வாங்கி வந்து, வீட்டில் திரை கறுப்பாக நிற்பதைப் பார்த்துத் தவிக்கும் பிள்ளைகள் உண்டு.

பிராசஸர் உட்காரும் சாக்கெட் மதர்போர்டோடு பொருந்த வேண்டும். மதர்போர்டு ரேமோடு பொருந்த வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2017இல் ரைசனோடு பரவியது. அதில் டிடிஆர்4 ரேம் மட்டும். 2022இல் வந்த ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. அதில் டிடிஆர்4 போடும் போர்டும் உண்டு, டிடிஆர்5 போடும் போர்டும் உண்டு, ஒன்றின் ரேம் மற்றதில் சொருகாது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா வரிசைக்கு எல்ஜிஏ1851 என்று வேறொரு சாக்கெட். ஏஎம்5க்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் புதுப் பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆகவே கையில் 65,000, 70,000 ரூபாய் இருப்பவர் ஏஎம்5க்குப் போவது நல்லது. 50,000க்குள் முடிக்க வேண்டியவருக்கு ரைசன் 5 5600ஜி, 5600ஜிடி போன்ற ஏஎம்4 பிராசஸர் இன்னும் நல்ல பேரம் என்பது என் கருத்து. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட், உள்ளேயே கிராபிக்ஸ். கணக்கு, படிப்பு, போட்டோ, ஓரளவு ஆட்டோகேட் வேலை எல்லாவற்றையும் தாங்கும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். இந்தப் பிராசஸர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3ஆம் தலைமுறை வரைதான் போகும். அதில் 4ஆம் தலைமுறை எஸ்எஸ்டியை அதிக விலைக்கு வாங்கிப் போட்டால் அந்த வேகம் வராது.

ரேம் விலை சென்றமுறை கேட்ட விலையாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 2025இன் கடைசி மாதங்களில் அது வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரிச் சிப்புகளை அள்ளிக்கொண்டதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எடுத்த அந்த முடிவு ஒடுகத்தூரில் ஒரு மாணவன் போடும் பட்டியலையும் தொட்டுவிடுகிறது. வரம்பு 7,000 ரூபாய்க்குள் 16 ஜிபி வரவில்லையா? ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கி, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும்போது அதே வேகம் கொண்ட இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸருக்கு இரண்டு ஸ்டிக் இருந்தால் படம் காட்டும் வேகம் கூடும், ஒன்று இருந்தால் குறையும். ஆனால் வேலை நிற்காது. மிச்சமான பணத்தில் எஸ்எஸ்டியைப் பெரிதாக்கத் தோன்றும். அதைச் செய்யாமல் ஓரமாக வைத்த தொகையிலேயே சேர்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி இல்லாத மெஷின் இனி வேண்டவே வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுவிட்டு அது திறக்கும்வரை காத்திருந்த காலம் முடிந்தது. ஸாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும்; 3ஆம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை படிக்கும். நம் பட்டியலுக்கு 500 ஜிபி என்விஎம்இ சரியான அளவு. கல்யாண வீடியோக்கள் சேர்ப்பவர்தான் பெரிய ஹார்டு டிஸ்க்கைக் கூடுதலாக வாங்க வேண்டும்.

கேபினெட்டுக்கு ஒரே விதி: முன்பக்கம் வலைபோல இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கோடை 40 டிகிரியைத் தாண்டும். முழுக்கக் கண்ணாடி போட்ட முன்பக்கம் உள்ளே சூட்டை அடைத்து வைக்கும். தோல் யூனிட்டில் வைப்பதாக இருந்தால் பஃபிங் தூள் உள்ளே போகாமல் கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். மெஷினைத் தரையில் வைக்காதீர்கள்.

மின்சாரத்துக்கு ஏன் 3,000 ரூபாய் ஒதுக்கினேன் என்று கேட்கலாம். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரை தாங்கும். கரண்ட் போனதும் கணக்கை சேவ் செய்து மெஷினை முறையாக நிறுத்துவதற்கு அது கொடுக்கும் சில நிமிஷங்கள் போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால் அதில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் உண்டா என்று பாருங்கள். அதைப் போடாவிட்டால், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று பிடிக்கிறது என்றால் எர்த்திங் சரியில்லை. அதற்குக் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை. எர்த்தைச் சரிசெய்யாமல் புது மெஷினை ஓட்டவே கூடாது.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 0.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் மின்வாரியக் கார்டில் இப்போது எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்கு எந்தக் கொட்டேஷனிலும் வரி இருக்காது. "போட்டுத் தர்றோம்" என்பார்கள். லைசென்ஸ் இல்லாத காப்பியில் ஜிஎஸ்டி கணக்கும் பேங்க் பாஸ்வேர்டும் வைப்பது ஆபத்து. லைசென்ஸுக்குப் பணம் இருந்தால் தனி வரியாகப் போடுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டும் இலவசம். தமிழில் தட்டச்சு செய்யலாம், லிப்ரே ஆபீஸில் கணக்கு எழுதலாம். ஆட்டோகேட்டும் போட்டோஷாப்பும் அதில் நேரடியாக ஓடாது. வேலையை முதலில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கலாமா? ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட மெஷின்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. கணக்கு எழுத மட்டும் என்றால் நல்ல வழிதான். ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினில் லினக்ஸ்தான் போட வேண்டியிருக்கும். அதோடு, பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மெஷின்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அவர்களுக்கே உரிய வடிவில் இருக்கும். கெட்டால் சந்தைப் பொருள் பொருந்தாது.

பட்டியல் முடிந்ததா? அதே பட்டியலை ரிச்சி தெருவில் இரண்டு கடைக்கும், எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்கும், வேலூரில் ஒரு கடைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாடல் எண்ணோடு கொட்டேஷன் கேளுங்கள். "ஜிஎஸ்டியோடு சேர்த்து" என்று எழுத மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம் வரி. ஒருவர் 42,400 என்றும் இன்னொருவர் 50,000 என்றும் சொன்னால், முதல் விலை வரியில்லாததாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர் பில்லில் அந்த எண்ணைப் போட்டு வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க வழியுண்டு. கணக்கரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சென்னை விலைக்கும் வேலூர் விலைக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் வேலூரிலேயே வாங்குங்கள். ஒரு ரேம் சரியில்லை என்றால் அரைநாளில் போய் மாற்றி வரலாம் என்பது அந்த நூறுகளைவிடப் பெரிது. சென்னைக்குத்தான் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நாள். பஸ்ஸில் மானிட்டர் பெட்டியோடு ஏற அது ஏற்ற நாள் அல்ல.

பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில்லாத ‘ட்ரே பீஸ்’ விலை குறைவு, ஆனால் கம்பெனியின் மூன்று வருஷ வாரன்டி அதற்குப் பொதுவாகக் கிடைக்காது. கடையிலேயே பூட்டி, ஆன் செய்து, பயாஸ் திரையில் பிராசஸர் பெயர், ரேம் அளவு, எஸ்எஸ்டி பெயர் மூன்றும் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாரன்டி மெஷினுக்கு அல்ல, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. அதனால் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.